குளத்தங்கரையில் ஒரு மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். இயற்கைக் காப்பகத்தில் குடும்பங்களை வரவேற்கும் நாளில், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாப் பாதைகளையும் சுற்றிவிடத்தான் பலரும் பார்க்கிறார்கள். பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் பாதி இடங்களை விட்டுவிடுங்கள். குளத்தில் வலை போட்டுப் பார்க்கும் நிகழ்ச்சி இருந்தால் அங்கே ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஐந்து வயதுக் குழந்தைகூட ஓர் உயிரைப் பக்கத்தில் வைத்து, அது மூச்சு விடுவதையும் இரை பிடிப்பதையும் நிதானமாகப் பார்க்க முடிவது அங்கேதான்.

வலையைத் தொடும் முன் தட்டைத் தயார் செய்ய வேண்டும். வெள்ளைத் தட்டாக இருக்கட்டும். மண் நிறப் பூச்சிகள் அதில்தான் கண்ணுக்குத் தெரியும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு அந்தக் குளத்துத் தண்ணீரையே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கக்கூடும், அது ஆகாது.

வலையைக் கரையோரச் செடிகளின் அருகே, எட்டு போடுவதுபோல் ஐந்தாறு முறை மெதுவாக வீசுங்கள். அடிச்சேற்றைக் கிளறினால் தட்டு முழுவதும் கலங்கிவிடும், எதுவும் தெரியாது. சேறு பூச்சிகளின் செவுள்களையும் அடைக்கும். பிடித்ததை விரலால் எடுக்காதீர்கள், கால் ஒடிந்துவிடும். வலையின் உட்புறம் வெளியே வரும்படி தட்டுத் தண்ணீருக்குள் திருப்பினால் தானே இறங்கிவிடும்.

பிறகு ஒரு நிமிடம் அசையாமல் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கடினமான வேலை இதுதான், ஆனால் எல்லாம் அப்போதுதான் நகரத் தொடங்கும். வாலில் இலைபோல் மூன்று செவுள்கள் இருந்தால் அது ஊசித்தட்டானின் இளம்பூச்சி. தட்டானின் இளம்பூச்சி இன்னும் தடிமனாக இருக்கும்; மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென்று நீட்டி இரையைக் கவ்வும். தலைப்பிரட்டையையும் அது தின்றுவிடும் என்பதால் தனிக் கிண்ணத்தில் விடுங்கள். நீர்த்தேள் வால்போன்ற குழலை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டிக் காற்றை இழுக்கும். அதைக் கையில் எடுக்க வேண்டாம், குத்தும்.

தட்டு நிழலில் இருக்கட்டும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். வெயிலில் வைத்த ஆழமில்லாத தட்டு சீக்கிரம் சூடேறும். அதனால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் எதையும் வைத்திருக்க வேண்டாம். கொசு விரட்டும் களிம்பு பூசிய கையைத் தண்ணீரில் விடவும் கூடாது. பூச்சிக்கு ஆகாத மருந்து அது. முழுக்கைச் சட்டை போதும்.

பிள்ளைகள் கரையில் மண்டியிட்டே வலை போட வேண்டும், கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். கையில் காயம் இருந்தால் நீர் புகாத ஒட்டுத்துணி. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுதல்.

திருப்பி விடும்போது மேலிருந்து கொட்டாதீர்கள். தட்டை நீர்மட்டத்துக்குத் தாழ்த்திச் சாய்த்தால் போதும். எடுத்த குளத்திலேயே விட வேண்டும். தலைப்பிரட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். தவளைகளின் தோலைத் தாக்கிக் கொல்லும் ஒரு பூஞ்சை, ஈரச் சேற்றோடு ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவும். எனவே செருப்பு, வலை இரண்டையும் சேறு போகத் தேய்த்து, முழுவதும் உலர்த்திய பிறகே அடுத்த குளத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

நிகழ்ச்சியை நடத்துவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ஒரே இடத்தில் நாள் முழுக்க வலை விழுந்தால் அந்தக் கரைச் செடிகள் நசுங்கிப்போகும். குழு மாறும்போது இடத்தையும் மாற்றுங்கள். ஒரு பக்கக் கரையை யாரும் நெருங்காதபடி கயிறு கட்டி விட்டுவிடுங்கள்.