கரண்ட் போனால் நிற்கிற மேளம்

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, அறங்காவலர் குழுத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பந்தல் போட்டுத் தந்த வர்த்தகர் சங்கத்தாரே, தாய்மார்களே, வணக்கம்.

'இசையும் சமூகமும்' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். கோயில் மேளம், வயல் பாட்டு, சினிமாப் பாட்டு என்று மூன்றையும் பேச வந்தேன்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். நாயனமும், அதாவது நாகஸ்வரமும், ஊர் கூடிச் செய்ததுதான். நரசிங்கம்பேட்டை ஆசாரி, இடித்த வீட்டு உத்திரத்தில் பழைய ஆச்சா மரம் தேடிக் கடைகிறார். வாயில் வைத்து ஊதுகிற சீவாளிக்கு ஆற்றங்கரை நாணல். தவிலுக்குப் பலா மரம், அதற்குத் தோல் பதம் பண்ண ஒருவர். சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி இசை, பள்ளியறைக்கு நீலாம்பரி ராகம் என்று காதாலேயே நேரம் தெரிந்துகொண்ட சனம். 1947-இல் சுதந்திரம் வந்தபோது டெல்லியில் ஒலித்ததும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாயனம்தானே! நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சரி, வாசிக்கிறவருக்கு என்ன கிடைத்தது?

போன மார்கழியில் ஒரு கோயிலுக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சுவிட்சைப் போட்டதும் மின்மேளம் டமடமவென்று அடித்தது. மணியும் அதிலேயே. பக்கத்தில் நின்றவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. தீபாராதனை பாதியில் கரண்ட் போனது. அவ்வளவுதான், சுத்தமாகச் சத்தம் நின்றுவிட்டது. குருக்கள் தட்டோடு அப்படியே நிற்கிறார். அப்போது தூண் ஓரமாக இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, தேங்காய்த் தாம்பாளத்தைக் கவிழ்த்துப் பிடித்து விரலால் வாசிக்கத் தொடங்கினார். தவிலுக்கு விரலில் மாட்டுகிற கூடு இல்லை, வெறும் விரல். தீபம் மேலே போகப் போக வாசிப்பின் வேகம் ஏறியது. கற்பூரம் அணைகிற நேரத்துக்குச் சரியாக, தீர்மானம் என்கிற முடிவுச் சொற்கட்டை வாசித்து முடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் விசாரித்தேன். அதே கோயிலில் தவில் வாசித்தவராம். மெஷின் வந்ததும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது அவர் மகன் லாரி ஓட்டுகிறார்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும், ஐயா. சுவிட்ச் இழுக்காது. நம் கோயிலிலும் அந்த மெஷின் இருக்கிறது. அறங்காவலர் அவர்கள் இங்கேயே இருப்பதால் நேரடியாகக் கேட்கிறேன்: வருகிற தை முதல் தேதியிலிருந்து ஒரு நாயனம், ஒரு தவில், மாதச் சம்பளத்தோடு வேண்டும். வயல் பாட்டையும் சினிமாவையும் இன்னொரு மேடையில் பேசுகிறேன். பந்தல் வாசலில் மனு வைத்திருக்கிறோம், வீட்டுக்கு ஒருவராவது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.