துப்பாக்கியை ஒப்படைத்த பின்னர்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் நெடுங்காலம் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், போர்கள் நடந்த ஆண்டுகளையும் அவற்றை முடித்துவைத்த உடன்படிக்கைகளையும் மாணவர்களுக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். அந்த மாணவர்களுள் சிலர் பட்டாளத்தில் சேர்ந்து, விடுப்பில் ஊருக்கு வரும்போதெல்லாம் என் வீட்டுக்கும் வந்து, அதிகம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனபோதுதான், பாடநூல்களில் இடம்பெறாத வேறொரு வரலாறும் உண்டு என்பது எனக்கு விளங்கத் தொடங்கியது. போர்க்களம் ஓர் இளைஞனின் மனத்தை என்ன செய்கிறது, எது தகும் எது தகாது என்று அவன் கொண்டிருந்த உணர்வை என்ன செய்கிறது என்பதே அந்த வரலாறு.

நம் பக்கத்துக் கிராமங்களில் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று சொன்னாலே வழி காட்டிவிடுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளை விடுப்பில் வந்துவிட்டால், தேநீர்க் கடையிலும் கோயில் கொடையிலும் அவனைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிடும். அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர், “எத்தனை பேரைச் சுட்டிருப்பே?” என்று கேட்டுவிடுவார். கேட்பவர் விளையாட்டாகத்தான் கேட்கிறார். உண்மையில் சுட்டவன் அதற்கு விடை சொல்லமாட்டான் என்பதும், உற்சாகமாக விடை சொல்பவன் பெரும்பாலும் சுட்டிருக்கமாட்டான் என்பதும் நான் கண்ட அனுபவம்.

சற்று எண்ணிப் பாருங்கள். பதினெட்டு வயது வரையில், பிறர்மீது கை ஓங்கினால் பெற்றோரும் ஆசிரியரும் கண்டித்து வளர்த்த பிள்ளை அவன். நீலகிரியில் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையத்திற்குப் போனால், ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்பது அவன் அடிவயிற்றிலிருந்து எழுப்ப வேண்டிய போர் முழக்கமாகிவிடுகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாட்டைக் காக்கும் படைக்கு அந்த முழக்கம் தேவைதான். ஆயினும் மனிதன் மனிதனைக் கொல்வது தானாக வருவதன்று, பழக்கியே வரவழைக்க வேண்டியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படையினருள் பெரும்பாலோர் எதிரியை நோக்கிச் சுடவே இல்லை என்று 1947இல் மார்ஷல் என்ற ராணுவ எழுத்தாளர் எழுதினார். அவருடைய கணக்கைப் பின்வந்த ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. என்றாலும் அதன் பின்னர்ப் பயிற்சி மைதானங்களில் வட்ட இலக்குகளின் இடத்தில் மனித உருவ இலக்குகள் எழுந்து நின்றன. யோசிக்குமுன் விரல் அழுத்திவிட வேண்டும் என்பது அந்த மாற்றத்தின் நோக்கம். விரல் அழுத்திய பிறகு யோசனை வருகிறதே, அதற்கு எந்த மைதானத்திலும் பயிற்சி இல்லை.

போர் தரும் மனக்காயத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று அச்சத்தின் காயம். கோயில் கொடையில் வேட்டுப் போட்டால் திடுக்கிட்டு எழுவது, கதவைப் பார்த்தபடியே படுப்பது, உறக்கம் வராதது ஆகியவையெல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. களத்தில் அவன் உயிரைக் காத்த அதே விழிப்பு வீட்டுக்கு வந்த பிறகும் அடங்க மறுக்கிறது. முதல் உலகப் போரின்போது, 1915இல், சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் இதை குண்டு அதிர்ச்சி என்ற பெயரில் மருத்துவ இதழில் எழுதினார். ஆனால் அதே போரில் களத்தை விட்டு ஓடியமைக்காகவும் கோழைத்தனத்துக்காகவும் பிரிட்டன் தன் படையினர் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களுக்கு மன்னிப்பு 2006இல்தான் கிடைத்தது. இந்த வகைக் காயத்தை 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் முறையாகச் சேர்த்தது. இதைப் பற்றி மருத்துவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நான் பேச விரும்புவது இரண்டாவதைப் பற்றி. அது தான் செய்ததாலோ, செய்யாமல் விட்டதாலோ, கண்ணெதிரே நடக்கவிட்டதாலோ வரும் காயம். அறம் பட்ட காயம் என்று சொல்லலாம். வியட்நாமில் போரிட்டுத் திரும்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜொனதன் ஷே என்ற மருத்துவர் 1990களில் இதைத் தனியே பிரித்துக் காட்டினார். அச்சத்தின் காயம் பட்டவன் தனக்கு என்ன நேருமோ என்று நடுங்குகிறான். இந்தக் காயம் பட்டவனோ, தான் யாராகிவிட்டோம் என்று கூசுகிறான். வீட்டார் அவனை நல்லவன் என்று சொல்லச் சொல்ல அவன் இன்னும் குன்றிப்போகிறான்.

இது எப்படி நேர்கிறது? களத்தில் ஒருவனுடைய உலகம் சுருங்கி, உடன் இருக்கும் பத்துப் பேராகிவிடுகிறது. அந்தப் பத்துப் பேர்மீது வரும் அன்பு சாதாரணமானதன்று. 1801 மே மாதம் பஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தபோது, பிணக்குவியலுக்கிடையே மகனைத் தேடி வந்த ஒரு தாயிடம், குற்றுயிராய்க் கிடந்த அந்தப் பிள்ளை, தன்னை விட்டுவிட்டு அருகில் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி சொன்னான் என்பது நம் சீமையில் எல்லோரும் அறிந்த செய்தி. அந்த அன்பு அத்தகையது. ஆனால் அதே அன்பு, உடனிருந்தவன் செத்தால் பழியாக மாறும். வட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் மனிதராகவே கண்ணுக்குத் தெரியாமல் போவார்கள். 1968 மார்ச் 16இல் வியட்நாமின் மை லாய் கிராமத்தில், வியட்நாமியரின் கணக்குப்படி 504 பேரைக் கொன்ற அமெரிக்கப் படைப்பிரிவு, அதற்கு முந்தைய வாரங்களில் கண்ணிவெடிகளுக்குத் தன் தோழர்களைப் பறிகொடுத்திருந்தது. அங்கே படுகொலைக்கு ஆணையிட்ட லெப்டினன்ட் கேலிக்கு வயது 24. அதைக் கண்டு ஹெலிகாப்டரை இறக்கி, கிராமத்தாருக்கும் தன் நாட்டுப் படைக்கும் நடுவில் நின்று தடுத்த ஹ்யூ தாம்சனுக்கும் வயது 24 தான். ஆகவே இளமை, பயிற்சி, போரின் கொடுமை என்று சொல்லி எல்லாவற்றையும் மூடிவிட முடியாது. அந்தத் துணிவுக்கு உரிய பதக்கம் தாம்சனுக்குக் கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் நான் வழக்கமாகச் சொல்லும் ஒரு செய்திக்கு வருகிறேன். என் மாணவர்கள் யாரேனும் கேட்டுக்கொண்டிருந்தால், மறுபடியும் வெல்ஷா என்று சிரிப்பார்கள். கர்னல் வெல்ஷ் என்று நாம் அறிந்திருக்கும் ஜேம்ஸ் வெல்ஷ், கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் இளம் அதிகாரியாகப் பஞ்சாலங்குறிச்சியில் போரிட்டவர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், இருபது வயதளவில், அவர் சிவகங்கைச் சின்ன மருதுவோடு நட்புக் கொண்டிருந்தார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான். 1801இல் அந்த ஆசானைக் காட்டு விலங்கைப் போலத் துரத்தும் படையில் அவர் இருந்தார். தொடை எலும்பு முறிந்த நிலையில் பிடிபட்ட சின்ன மருது, அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் அண்ணனோடு தூக்கிலிடப்பட்டதையும் அவர் கண்டார்.

கதை அதோடு முடியவில்லை. 1802 பிப்ரவரியில், நாடுகடத்தப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றும்வரை காவல் காக்கும் பொறுப்பு வெல்ஷிடம் வந்து சேர்ந்தது. அவர்களுள் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி, ஏறத்தாழ 15 வயதுப் பிள்ளை. கட்டளையை மீற வெல்ஷால் இயலவில்லை, மீற விரும்பவும் இல்லை. விலங்கின் கனத்தைக் குறைத்தார், இயன்ற அளவு ஆறுதல் செய்தார், கப்பல் பினாங்குக்குப் போய்விட்டது. 1818இல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது, கிழவரைப் போலத் தளர்ந்த ஒருவர் அவரைத் தேடி வந்தார். அவரை வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. யார் என்று கேட்டதற்கு, வந்தவர் கண்ணீரோடு ‘துரைச்சாமி’ என்ற ஒரே சொல்லைத்தான் சொன்னார். அது தன் நெஞ்சில் கத்தியாய் இறங்கியதாக வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அந்த நூல் 1830இல் வெளியாயிற்று. துரைச்சாமி இழந்ததோடு வெல்ஷின் வேதனையை ஒப்பிட நான் வரவில்லை. அது அடாத ஒப்பீடு. வென்ற படையில் இருந்தவன், எந்தத் தண்டனையும் பெறாதவன், கட்டளையை ஒழுங்காக நிறைவேற்றியவன், பதினாறு ஆண்டுகள் கழித்து ஒரு பெயரைக் கேட்டுத் துடிக்கிறான் என்பதையே நான் சொல்ல வருகிறேன். திரும்பவும் சொல்கிறேன், இது அச்சத்தின் காயம் அன்று.

படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர், பகைவனிடம் கண்ணோடாமல் போரிடுவதைப் பேராண்மை என்று சொன்ன கையோடு, அவனுக்கு ஓர் இடர் வந்தபோது உதவுவதை அந்த ஆண்மையின் கூர்மை என்கிறார். விலங்கைத் தளர்த்திய வெல்ஷுக்கு அந்தக் கூர்மையில் ஒரு சிறு பங்கு இருந்தது என்றும், அதனால்தான் அவர் பிற்காலத்தில் வருந்தவாவது முடிந்தது என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு. வருந்துகிற படைவீரனை நாம் பலவீனன் என்று எண்ணுவது பெரும் பிழை.

கடிகாரம் என்னை அவசரப்படுத்துகிறது. வீட்டார் செய்யக்கூடியவற்றைப் பற்றி விரிவாகப் பேசக் குறிப்பு எடுத்து வந்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் பதினேழரை வயதிலேயே படையில் சேரலாம்; நான்கு ஆண்டுகளில் பெரும்பாலோர் திரும்பிவிடுவார்கள் என்பதால், இருபத்தைந்து வயதுக்குள் களம் கண்ட பிள்ளைகள் நம் தெருக்களில் இனிக் கூடுதலாக இருப்பார்கள். எத்தனை பேர் என்று அவர்களிடம் கேட்காதீர்கள். குடி மிகுந்தாலோ, பேச்சு அறவே நின்றாலோ, கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டாதீர்கள். பாவம் ஒரு பெண்பிள்ளையும் அதில் சேர்ந்து வதைபடுவாள். அவனாகப் பேசத் தொடங்கினால், ‘நீ நாட்டுக்காகச் செய்தாய், விடு’ என்று பாதியில் அடைக்காமல், முழுவதையும் சொல்ல விடுங்கள். உடன் பணியாற்றிய தோழன் பக்கத்து ஊரில் இருந்தால் அவனை வரவழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எண்ணை மறுபடியும் சொல்கிறேன்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.