கோங்க்: சரிவும் வெளிச்சமும்

நேயர்களுக்கு வணக்கம். தென் பிரான்சில் அவேரோன் மாவட்டத்து மலைச்சரிவில், கல்பலகை வேய்ந்த கூரைகளோடு நெருங்கி நிற்கும் சிற்றூர் கோங்க். அஜான் நகரிலிருந்த இளம் வேதசாட்சி (கிறித்தவ நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்) புனித ஃபுவாவின் எலும்புகளை, 866 வாக்கில் இவ்வூர்த் துறவி ஒருவர் கவர்ந்து வந்தார். அதன்பின் யாத்திரிகர் பெருகினார்கள். புனித யாகப்பரின் கல்லறை உள்ள ஸ்பெயினின் கொம்போஸ்தேலாவுக்கு ல புய் ஊரிலிருந்து செல்லும் பாதையும் இவ்வழியே போகிறது.

கூட்டம் பெரிது, இடமோ குறுகல். 11ஆம் நூற்றாண்டில் பெரிய கோயில் எழுப்பத் தொடங்கியவர்களுக்கு இதுதான் சிக்கல். இதே யாத்திரைக் கோயில் வகையைச் சேர்ந்த துலூஸ் சேன் செர்னேன் கோயில் ஏறத்தாழ 115 மீட்டர் நீளம். கோங்கில் சரிவு விட்ட இடம் 56 மீட்டர்தான். ஆனால் நடுக்கூடத்தின் உயரம் 22 மீட்டர்!

அவ்வளவு உயரத்தில் கல்லால் அரைவட்டக் கூரை வளைத்தால், அது இருபுறச் சுவர்களையும் வெளியே தள்ளும். சுவர் சாய்ந்தால் கூரை பிளக்கும். அதைத் தடுக்கவே பக்க நடைகளுக்கு மேல் மாடம் கட்டி, மாடத்தின் மேல் கால்வட்டக் கூரையைச் சாய்த்து முட்டுக் கொடுத்தார்கள். கீழே யாத்திரிகர்கள் பக்க நடை வழியே போய்ப் பீடத்தைச் சுற்றி வரலாம். நடுவே துறவியரின் செபம் தடைபடாது. பீடத்தைச் சூழ்ந்த இரும்புக் கிராதி, புனிதையின் அருளால் விடுதலையான கைதிகளின் விலங்குகளை உருக்கிச் செய்தது என்பது மரபு.

முட்டுக்கூரைக்கு ஒரு விலை உண்டு. நடுக்கூடத்துச் சுவரின் உச்சியில் சன்னல் வைக்க இடமில்லை. பக்கங்களிலிருந்து கசியும் வெளிச்சமே மிச்சம். அருகிலுள்ள ரொதேசில் பிறந்த ஓவியர் பியேர் சூலாஜ், இக்கோயிலுக்காக 1994இல் முடித்த 104 சன்னல்களில் இதைத்தான் கவனித்தார். வண்ணக் கண்ணாடி போட்டிருந்தால் உள்ளே இன்னும் இருண்டிருக்கும், கல்லின் நிறமும் கெட்டிருக்கும். நிறமற்ற கண்ணாடித் துகள்களை உருக்கி இணைத்து, ஒளி ஓரிடத்தில் அதிகமும் ஓரிடத்தில் குறைவும் புகும்படி செய்தார். வெளிக்காட்சி தெரியாது, ஒளி மட்டும் பரவும். பொழுது நகர நகர அதன் சாயல் நீலத்துக்கும் செம்மஞ்சளுக்கும் மாறும். இந்தக் கட்டடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பணிவை நான் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

போகிறவர்கள் பகலில் உள்ளே பாருங்கள். மேற்கு வாசல் மேலுள்ள இறுதித் தீர்ப்புச் சிற்பத்தை மாலை வெயிலுக்கு வையுங்கள். 124 உருவங்கள், சிலவற்றில் பழைய வண்ணம் இன்னும் ஒட்டியிருக்கிறது. கடவுளின் கைக்குக் கீழே மண்டியிட்டிருப்பவர் ஃபுவா. அவருக்குப் பின்னால், வளைவுகளில் தொங்குகின்றன விடுதலையான கைதிகளின் விலங்குகள்.