தாளில் பெயர் எழுதச் சொன்ன ஆசிரியை

அவையோருக்கு வணக்கம். ஓவிய ஆசிரியை ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டெய்ஸைப் பற்றிப் பேச வருகிறவர்கள் அவருடைய சாவில்தான் தொடங்குவார்கள். நான் அவர் கட்டிய மூட்டையில் தொடங்குகிறேன்.

1942 டிசம்பரில் செக் நாட்டில் யூதர்களை அடைத்துவைத்த டெரெசின் முகாமுக்கு அவரையும் கணவர் பாவெலையும் நாஜிகள் அனுப்பினார்கள். ஆளுக்கு 50 கிலோ சாமான்தான் அனுமதி. குளிர்காலம். கம்பளியும் உணவும் திணிக்க வேண்டிய அந்த எடையில் தாளுக்கும் வண்ணத்துக்கும் அவர் இடம் ஒதுக்கினார்.

1898இல் வியன்னாவில் பிறந்தவர். 1919 முதல் 1923 வரை ஜெர்மனியின் வைமார் நகரிலிருந்த பௌஹவுஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் ஓவியர் யோஹானஸ் இட்டனிடம் படித்தார். பிறகு உடன் படித்த ஃபிரான்ஸ் சிங்கரோடு சேர்ந்து வியன்னாவில் பட்டறை நடத்தினார். மடித்து வைக்கும் நாற்காலி, அடுக்கக்கூடிய கட்டில் என்று சின்ன வீட்டுக்கான சாமான்கள் செய்தார்கள். அரசியல் காரணமாக 1934இல் கைதாகி, பிராகுக்குப் போனார். அங்கே அகதிக் குழந்தைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். கூட இருந்து உதவிய மாணவி ஈடித் கிரேமர் பிற்காலத்தில் அமெரிக்காவில் ஓவிய சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். பாலஸ்தீனம் போக ஃப்ரீடலுக்கு விசா கிடைத்தது, பாவெலுக்குக் கிடைக்கவில்லை. அதனால் அவரும் போகவில்லை.

டெரெசினில் எல் 410 என்ற சிறுமியர் விடுதியில் வகுப்பு எடுத்தார். எடுத்த எடுப்பில் படம் கிடையாது. முதலில் தாளம். அவர் சொல்லச் சொல்ல, தட்டத் தட்ட, கை முழுதும் அசைந்து கோடு போட வேண்டும். சுழி, அலை, மேலே ஏறும் கோடு. இட்டனிடம் கற்ற வித்தை இது. பயந்த பிள்ளை விரல் நுனியால் பென்சிலை இறுக்கிப் பிடித்து, தாளின் மூலையில் சின்னதாக வரையும். தோள் தளர்ந்தால்தான் கோடு நடுத்தாளுக்கு வரும். அடுத்து, கண்முன் இருக்கும் பொருளைப் பார்த்து வரைவது. இன்னொரு நாள் பழைய மேதைகளின் ஓவியத்தை எடுத்து, அதில் வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே, பெரிய வடிவங்கள் எவை என்று மட்டும் பிரித்துக் காட்டச் சொல்வார். அச்சு அசலாக நகலெடுப்பது அவருக்கு நோக்கமே இல்லை.

தாள் தீர்ந்துகொண்டே வந்தது. அலுவலகப் படிவங்களின் பின்பக்கம், பொட்டலத் தாள், கிடைத்ததெல்லாம் பயன்பட்டது. மெல்லிய படிவத்தாளில் நீர்வண்ணம் போட்டால் சுருங்கி மடங்கும். ஒரே இடத்தில் இரண்டு முறை தூரிகை ஓடினால் நூலாக உரியும். ஒட்டுச்சித்திரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கிழித்தும் வெட்டியும் ஒட்டலாம். தாளுக்கும் மரம்போல இழையோட்டம் உண்டு: அதன் போக்கில் கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் பிசிறும். பிசிறிய ஓரமே மலைமுகடு ஆகலாம், மரத்தலை ஆகலாம். அச்சடித்த கட்டங்களும் வரிகளும் சில படங்களில் இன்னும் தெரிகின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு: தாளில் அவரவர் பெயரை எழுத வேண்டும். பலவற்றில் வயதும் அறை எண்ணும்கூட இருக்கும். முகாம் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தது, அவர்களை ஏற்றிவந்த ரயிலின் பட்டியலில் இருந்த வண்டி எண் மட்டும்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இத்தனைக்கும் அங்கே தான் வரைந்த படங்கள் பலவற்றில் அவர் கையெழுத்தே போடவில்லை.

1944 செப்டம்பர் இறுதியில் பாவெலை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்து வந்த வண்டிகளில் ஒன்றுக்குத் தானே முன்வந்து பெயர் கொடுத்தார் ஃப்ரீடல். அக்டோபர் 9 அன்று ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பாவெல் உயிர் தப்பினார்.

புறப்படுமுன் சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்டன. விடுதிப் பொறுப்பாளர் வில்லி குரோக் 1945இல் அவற்றை பிராக் யூதச் சமூகத்திடம் சேர்த்தார். இன்று அவை பிராக் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. தாளில் பெயர் இருந்ததால்தான் அதை முகாமின் வண்டிப் பட்டியலோடு ஒப்பிட முடிந்தது. படத்துக்குக் கீழே இப்போது வரைந்த பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெரும்பாலும் 1944 என்று முடியும் இன்னொரு தேதி.