கறியும் குதிரையும்

எல்லாருக்கும் வணக்கங்க. போன வாரம் ஒரு தம்பி கேட்டாரு, "சார், இங்கிலீஷ்ல கர்ரி ஃபேவர்ங்கறாங்களே, மேனேஜருக்குக் கறிக்குழம்பு ஊத்தி காரியம் சாதிக்கிறதா?"ன்னு. சிரிச்சுட்டேன், ஆனா உண்மையச் சொன்னா காலேஜ்ல படிக்கிறப்ப நானும் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன். உண்மையில அதுக்கு அர்த்தம், ஜால்ரா அடிச்சுக் காரியம் சாதிக்கிறது.

ஸ்பெல்லிங் ஒண்ணு, உச்சரிப்பு ஒண்ணு, ஆனா ரெண்டு கர்ரிக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. சாப்பிடுற கர்ரி நம்ம கறி, அதத்தான் போர்ச்சுகீஸ்காரங்க கரில்னாங்க, இங்கிலீஷ்காரங்க கர்ரின்னாங்க. 1747ல ஹன்னா கிளாஸ்ங்கிற அம்மா லண்டன்ல போட்ட சமையல் புத்தகத்துலயே இது வந்தாச்சு, மிளகும் கொத்தமல்லி விதையும் போட்டு. வேடிக்கை என்னன்னா சங்க காலத்துல மிளகுக்கும் கறின்னு பேரு, அகநானூறுல யவனருங்க முசிறித் துறைமுகத்துக்குப் பொன்னோட வந்து கறியோட திரும்புறாங்களே, அது மிளகு. இப்ப நமக்குள்ளயே ஒத்து வராது, எங்க வீட்ல கறின்னா ஆட்டுக்கறி, சில வீட்ல வாழக்கா வதக்குனாலும் கறி, யாழ்ப்பாணத்துல கத்தரிக்காய்க் கறி. வெள்ளைக்காரருக்கு மசாலா வாசம் வந்தாலே கர்ரி!

இன்னொரு கர்ரி குதிரை லாயத்துலேர்ந்து வந்தது. பழைய பிரெஞ்சு வினைச்சொல்லு, குதிரையத் தேய்ச்சு சீவி விடுறது, தோலப் பதப்படுத்துறது. குதிரை தேய்க்கிற பல்லு வச்ச சீப்புக்கு இன்னிக்கும் கர்ரிகோம்னுதான் பேரு. 14ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல பிரான்ஸ்ல ஒரு நையாண்டிக் கவிதை, அதுல ஃபோவெல்னு ஒரு ஃபிராடு குதிரை, ராஜாலேர்ந்து பாதிரியார் வரைக்கும் அதத் தேய்ச்சுவிட போட்டி போடுறாங்க. அங்கேர்ந்து இங்கிலீஷுக்கு வந்ததுதான் கர்ரி ஃபேவெல், அதாவது அந்த ஃபோவெலத் தேய்ச்சுவிடுறது. அப்புறம் குதிரை மறந்துபோச்சு, ஜனங்க ஃபேவெல ஃபேவர் ஆக்கிட்டாங்க. நம்ம ஊர்லயும் கால் கை பிடிக்கிறதுதான் காக்கா பிடிக்கிறதாச்சுன்னு சொல்வாங்கல்ல, பாவம் அந்தக் காக்கா.

பேசுறப்ப ஒண்ணக் கவனிங்க. சோத்துக்கு ஊத்திக்கிற கர்ரி தனியா நிக்கும், இந்தக் கர்ரி குதிரையையும் தோலையும் விட்டா ஃபேவர் இல்லாம வராது, பின்னாடி வித் வரும், ஃப்ரம் போடாதீங்க. முக்கியமா, இது திட்டுற சொல்லு, ஜால்ரா அடிக்கிறாருன்னு அர்த்தம். ஒரு ஆபீஸ்ல ஒருத்தர் லீவு லெட்டர்ல, உதவி கேக்குறதா நெனச்சு, "உங்களோட கர்ரி ஃபேவர் பண்ண விரும்புறேன்"னு எழுதிட்டாரு. ஐயா, உங்களுக்கு சோப்பு போடத்தான் வந்திருக்கேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி. லீவு கெடச்சுது, அது வேற விஷயம்.