யூட்டாவுக்குப் போகலாமா?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் இடம் கிடைத்த மாணவர்கள் வழக்கமாக விசாரிப்பது உதவித்தொகையையும் குளிரையும்தான். யூட்டா பல்கலைக்கழகம் என்றால் மட்டும் கூடவே ஒரு கேள்வி வரும்: "அது மோர்மன்கள் ஊராமே, நமக்கு ஒத்துவருமா?" மோர்மன்கள் என்றால் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சபையினர்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மது முதல் தாடி வரை கட்டுப்பாடு வைத்திருப்பது, பிரோவோ நகரில் மோர்மன் சபையே நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகம். யூட்டா பல்கலைக்கழகம் சால்ட் லேக் நகரில் இருக்கிறது, மாநில அரசினுடையது. 1850இல் அதைத் தொடங்கியவர்களும் மோர்மன்கள்தான், ஆனால் இன்று வகுப்பறைக்குள் மதம் எட்டிப்பார்ப்பதில்லை.

வெளியே வந்தால் தெரியும். ஒயினும் மற்ற மது வகைகளும் அரசுக் கடைகளில்தான், ஞாயிறன்று அதுவும் கிடையாது. உள்ளூர்ப் பையன்கள் பலர் பதினெட்டு வயதில் இரண்டு ஆண்டு மதப்பணிக்காகப் பிரேசிலுக்கோ கொரியாவுக்கோ போய்விட்டுத் திரும்பி, சீக்கிரமே கல்யாணமும் செய்துகொள்கிறார்கள். இளநிலை வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கைக்குழந்தைக்காரராக இருக்கலாம். அன்பாகத்தான் பழகுவார்கள். ஆனால் அவர்களுடைய நட்பு வட்டம் சபையைச் சுற்றியே இருப்பதால், வெளியூர்க்காரருக்கு வார இறுதி கொஞ்சம் வெறிச்சென்று போகும்.

சரி, இதெல்லாம் தயங்க வைக்கிற சமாச்சாரம். அதே மதம் அறிஞர்களை அங்கே இழுத்த கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இறந்துபோன முன்னோருக்காகவும் ஞானஸ்நானம் பெறலாம் என்பது மோர்மன் நம்பிக்கை. அதற்கு முன்னோரின் பெயர் வேண்டும், பிறந்த தேதி வேண்டும், யாருக்கு யார் பிள்ளை என்று தெரிய வேண்டும். ஆகவே தலைமுறை தலைமுறையாக வம்சாவளி எழுதி வைத்தார்கள். குடும்பங்களும் பெரியவை. மரபியல் ஆய்வாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? இத்தாலியின் பார்மா பகுதியில் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டிப் பழகிய மரபியலாளர் மார்க் ஸ்கோல்னிக், 1970களில் யூட்டா வந்து இந்த வம்சாவளிகளை மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு கணினியில் இணைக்கும் வேலையில் இறங்கினார். எந்தக் குடும்பத்தில் மார்பகப் புற்று திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்க முடிந்தது. பழுதானால் மார்பகப் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டுகிற பிஆர்சிஏ1 மரபணுவை 1994இல் அவர் குழு பிரித்தெடுத்தது. அந்த மரபணுவுக்குக் காப்புரிமை வாங்கியது பெரிய வழக்காகி, 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது தனிக்கதை.

பல்கலைக்கழகத்தின் கணினித் துறையிலும் இப்படித்தான். அதைக் கட்டி எழுப்பிய டேவிட் எவான்ஸ் சால்ட் லேக்கில் பிறந்த மோர்மன், நிறையப் பிள்ளைகள் உள்ள குடும்பஸ்தர். கணினி வரைகலையின் முன்னோடியான ஐவன் சதர்லாந்தும் அவரும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்க நினைத்தபோது, யார் ஊர் மாறுவது என்ற பேச்சு வந்தது. பெரிய குடும்பத்தோடு எவான்ஸ் நகர்வது கடினம் என்பதால், 1968இல் ஹார்வர்டை விட்டு வந்தவர் சதர்லாந்து. பிறகு கணினி வரைகலை கற்க விரும்பியவர்கள் யூட்டாவைத் தேடிப் போனார்கள்.

ஆகவே ஆய்வுப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தால் யோசிக்காமல் கிளம்பலாம். ஆய்வுக்கூடத்தில் கூட இருப்பவர்களில் பாதிப்பேராவது உங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். இளநிலைக்குப் போகிற பிள்ளைகள் மட்டும் நகரில் அறை தேடாமல் வளாகத்துக்குள்ளேயே தங்கப் பாருங்கள். 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் வீரர்கள் தங்கிய கட்டடங்களே மாணவர் விடுதியாகவும் பயன்பட்டன. ஞாயிற்றுக்கிழமை பேச்சுத்துணைக்கு அங்கே ஆள் கிடைப்பார்கள்.