குதிரை முதுகுக்கு ஒரு சும்மாடு

நேயர்களுக்கு வணக்கம்.

சவாரிப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்துவிட்ட பெற்றோர் சில மாதங்கள் போனதும் என்னிடம் ஒரு கேள்வியோடு வருவார்கள். "சார், ஹாஃப் பேட் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். எது நல்லது?" சொந்தமாகக் குதிரையோ, குட்டையான ரகக் குதிரையான போனியோ வைத்திருப்பவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். கடையிலும் இணையத்திலும் ஜெல், ஃபோம், ஆட்டுத்தோல் என்று ஏகப்பட்டது வந்துவிட்டது. விலையும் அதற்கேற்ப ஏறி இறங்குகிறது. எனவே இன்றைய பேச்சு அதைப் பற்றியே இருக்கட்டும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. குதிரை முதுகில் முதலில் ஒரு பருத்தி விரிப்பு போடுவோம். குதிரையைப் பராமரிக்கும் ஆட்களான சைஸ்கள் அதை நம்னா என்பார்கள். வியர்வையை உறிஞ்சுவதும் சேணத்தின் தோலைக் காப்பதும்தான் அதன் வேலை. அதற்கு மேலே, சேணத்துக்கு அடியில், சேணத்தின் அடிப்பகுதி அளவுக்கே வெட்டிய தடித்த மெத்தை ஒன்றைச் சிலர் வைப்பார்கள். அதுதான் ஹாஃப் பேட். தலையில் குடம் தூக்குகிறவர்கள் வைக்கும் சும்மாடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சும்மாடு குடத்தின் எடையைக் குறைப்பதில்லை, பரப்பித்தான் கொடுக்கிறது. தேவைக்கு மேல் தடித்த சும்மாடு வைத்தால் குடம் ஆடும். இந்த இரண்டும் குதிரை முதுகுக்கும் அப்படியே பொருந்தும்.

எந்தப் பேட் என்ற கேள்விக்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது, எதற்காக என்பதைத்தான். பாதிப் பேர் "குதிரைக்கு மெத்தென்று இருக்கட்டுமே" என்பார்கள். மீதிப் பேர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "சேணம் சரியாக உட்காரவில்லை, அதற்காக" என்பார்கள். இந்த இரண்டாவது பதில்தான் எனக்குக் கவலை தருவது.

சேணத்துக்குள்ளே கூடு ஒன்று இருக்கிறது. சவாரிக்காரர்கள் ட்ரீ என்பார்கள். மரத்தாலோ செயற்கைப் பொருளாலோ செய்த கடினமான சட்டம் அது. அந்தக் கூடு குதிரையின் அகலத்துக்குக் குறுகலாக இருந்தால், கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் முன்மேட்டின் இரு பக்கமும் கிடுக்கி போட்டாற்போலப் பிடிக்கும். வலிக்கிறதே என்று அடியில் மெத்தை வைத்தால், ஏற்கெனவே போதாத இடம் இன்னும் குறையும், வலியும் கூடும். குறுகலான சேணத்துக்கு உலகத்தில் எந்தப் பேட்டும் மருந்தில்லை. வேறு சேணம்தான் மருந்து. கொஞ்சம் அகலமான சேணத்தை மட்டும், அதுவும் தற்காலிகமாக, பேட் வைத்துச் சமாளிக்கலாம்.

ஆகவே முதலில் பேட், நம்னா எதுவும் இல்லாமல் வெறும் முதுகில் சேணத்தை வைத்துப் பாருங்கள். குதிரை நான்கு காலிலும் சமமாக நிற்க வேண்டும். சேணத்தின் முன்பகுதி தோள் எலும்புக்குப் பின்னால் இருக்கட்டும். பின்பகுதி கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. குதிரைக்குப் பதினெட்டு ஜோடி விலா எலும்புகள். கடைசி ஜோடிக்குப் பின்னால் கீழிருந்து தாங்க விலா எலும்பே இல்லாததால் அங்கே எடை விழவே கூடாது. வயிற்று வாரைக் கட்டி ஆள் ஏறிய பிறகும், முன்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் போகிற இடைவெளி வேண்டும். பின்பக்கமிருந்து குனிந்து பார்த்தால் முதுகெலும்பின் மேல் நேராகச் சுரங்கம் போல வெளிச்சம் தெரிய வேண்டும். அப்புறம், சேணத்துக்கு அடியில் உள்ளங்கையை முன்னிருந்து பின்னாகத் தள்ளிப் பாருங்கள். முன்னும் பின்னும் இறுகி, நடுவில் கை தளர்ந்து போனால் சேணம் பாலம் போல நிற்கிறது என்று அர்த்தம். சவாரி செய்பவரின் எடை முழுக்க நான்கு மூலையில் இறங்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், உங்கள் குதிரைக்கு ஹாஃப் பேட் தேவைப்படாமலும் போகலாம். நன்றாகப் பொருந்திய, அடித்திண்டில் கம்பளி நிரப்பிய சேணம், ஒரு மெல்லிய நம்னா, இவ்வளவே போதும் என்பது என் அபிப்பிராயம். கடைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் நம் ஊர் நடைமுறை வேறு. சென்னையில் சவாரி கற்பிக்கும் குதிரைகளில் பல, பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோப்ரெட் இனக் குதிரைகள். உயர்ந்த முன்மேடு, ஒடுங்கிய உடம்பு. பந்தயத்தை விட்டு வரும்போது முன்மேட்டுக்குப் பின்னால் இரு பக்கமும் தசை வற்றிக் குழி விழுந்திருக்கும். மலைப்பக்கம் போனால், கொடைக்கானல் ஏரிக்கரையில் பார்க்கிற மாதிரிப் போனிகள். அவற்றில் நிறைய உருண்டை முதுகு, முன்மேடு இருக்கும் இடமே தெரியாது. ஒவ்வொரு குதிரைக்கும் தனிச் சேணம் செய்ய எத்தனை பேரிடம் காசு இருக்கிறது? ஒரே சேணத்தை இரண்டு மூன்று குதிரைகளுக்கு மாற்றி மாற்றிப் போடுகிறோம். போதாததற்கு, கற்றுக்கொள்ளும் பிள்ளைகள், குதிரை துள்ளித் துள்ளிப் போகும் ட்ராட் நடையில் தொப் தொப்பென்று முதுகில் விழுவார்கள். இந்த நிலையில் நல்ல ஹாஃப் பேட் ஒன்று நிச்சயம் உதவும்.

இதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. ஆஸ்திரியாவில், வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சேணத்துக்கு அடியில் அழுத்தத்தை அளக்கும் விரிப்பை வைத்து, ஜெல், தோல், ஃபோம், கலைமானின் மயிர்த்தோல் ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். முடிவுகள் 2010-ல் வெளிவந்தன. பொருந்திய சேணத்துக்கு அடியில் கலைமான் தோல் நல்ல பலன் கொடுத்தது. அளவுக்கு மீறி அகலமான சேணத்துக்கு அடியிலோ, ஒரு குதிரைக்கு உதவிய பேட் இன்னொன்றுக்கு அதே அளவு உதவவில்லை. கலைமானுக்கு நாம் எங்கே போவது? ஆனால் அடர்ந்த மயிரோடு கூடிய இயற்கைத் தோல் என்ற வகையில் அதற்குப் பக்கத்தில் வருவது ஆட்டுத்தோல்.

நம் வெயிலுக்கும் நான் ஆட்டுத்தோலைத்தான் சொல்வேன். கம்பளி மயிர் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் நசநசக்காது. மயிர்களுக்கு நடுவே காற்று நிற்பதால் சூடும் அவ்வளவாகத் தேங்காது. சேணம் அசையும்போது மயிரே கூடச் சாய்ந்து கொடுப்பதால் தோலில் உரசலும் குறைவு. வாங்கும்போது மயிரை விரலால் வகிர்ந்து அடியைப் பாருங்கள். அடியில் தோல் தெரிந்தால் அசல். பின்னிய துணி தெரிந்தால் அது செயற்கை மயிர். செயற்கையும் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் சில மாதத்தில் திரண்டு கட்டியாகிவிடும், சூடும் அதிகம். கான்பூரில் சேணத் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் சேணங்களும் பேட்களும் அங்கே தைக்கப்படுகின்றன. ஆகவே வெளிநாட்டுப் பெயர் ஒட்டியிருக்கிறது என்பதற்காகவே பல மடங்கு கொடுக்க வேண்டியதில்லை. தையலையும் மயிரின் அடர்த்தியையும் பார்த்து வாங்குங்கள்.

ஜெல் பேட் பார்க்க அழகாக இருக்கும், அழுத்தினால் குழந்தைகளுக்கு விளையாட்டு. எனக்குப் பிடிக்காது. காற்று புகாது, கனம், சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மே மாதத்துச் சென்னையில் அதைக் குதிரை முதுகில் போட மனம் வராது. மெமரி ஃபோம் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. அது சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில், கொடைக்கானல் காலைக் குளிரில் ஒரு மாதிரி இருக்கும் அதே ஃபோம், இங்கே பகல் சூட்டில் அதிக எடை விழும் இடத்தில் அப்பளமாகத் தட்டையாகிவிடும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் எளிதாக அடிவரை போனால் ஆள் ஏறும்போது அங்கே மெத்தையே இருக்காது.

இன்னொரு வகைதான் சவாரிப் பள்ளிகளுக்கு உண்மையில் பயன்படுவது. பேட்டின் முன், நடு, பின் என்று இரு பக்கமும் பைகள் இருக்கும். அதில் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அடுக்குகளைச் செருகலாம், எடுக்கலாம். ஷிம் என்பார்கள். தரோப்ரெட்டுக்கு முன்மேட்டுக்குப் பின்னால் குழி இருப்பதால் சேணம் முன்னால் சாய்கிறதா, முன் பைகளில் அடுக்கு வையுங்கள். பாலம் போல நிற்கிறதா, நடுவில் வையுங்கள். ஒரு தோள் பெரியதாக இருந்தால் இளைத்த பக்கம் மட்டும். உத்தி ஒன்றும் புதியதல்ல. குதிரைப்படைகளில் சேணத்துக்கு அடியில் மடித்த கம்பளிப் போர்வைதான். படையெடுப்பில் குதிரை மெலிந்துவிட்டால் போர்வையின் மடிப்பை மாற்றிப் போட்டுச் சேணத்தைப் பொருத்திக்கொள்வார்கள். ஆனால் ஷிம் வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. தீவனமும் பயிற்சியும் ஏற ஏறத் தசை வளரும், குழி நிரம்பும். அப்போது அடுக்கை ஒவ்வொன்றாக எடுக்காவிட்டால், வளர்கிற தசையை அந்த அடுக்கே நசுக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது முதுகைத் தடவிப் பாருங்கள்.

வடிவத்தில் ஒன்றே ஒன்றைக் கவனித்தால் போதும். முதுகெலும்பு ஓடும் நடுக்கோட்டில் மெத்தை இருக்கக் கூடாது. மேல் விளிம்பும் முன்மேட்டுக்கு ஏற்ப உயர்ந்து வளைந்திருக்க வேண்டும். நேர்கோடாக வெட்டிய பேட் ஓட ஓடக் கீழே இழுபட்டு மேட்டின் மேல் இறுகும். சேணம் வைத்தபின், வாரைக் கட்டுமுன், நம்னாவையும் பேட்டையும் சேர்த்து நடுவில் மேலே தூக்கிச் சேணத்தின் சுரங்கத்துக்குள் செருகிவிடுங்கள்.

போனிக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. பெரிய குதிரைக்கு வாங்கியதைப் போனிக்குப் போடாதீர்கள். முன்னால் தோளில் ஏறும், பின்னால் இடுப்பு வரை நீளும். போனிச் சேணத்துக்கு உரிய சிறிய அளவிலேயே கிடைக்கிறது. உருண்டை முதுகில் சேணம் உருளுகிறது என்று தடித்த பேட் வைத்தால் இன்னும் நன்றாகவே உருளும். அப்புறம் வாரை வெறிகொண்டு இறுக்குவார்கள், போனி மூச்சு விடத் திணறும். அங்கே தேவை மெல்லிய, வழுக்காத அடிப்பக்கம் கொண்ட பேட். பிள்ளை ஏறும்போது எதிர்ப்பக்கத்தில் கால் வைக்கும் வளையத்தை ஒருவர் பிடித்துக்கொள்வதும் பெரிய உதவி.

வாங்கிய பேட் ஒத்துக்கொண்டதா என்று குதிரையே சொல்லும். அரைமணி நேரச் சவாரிக்குப் பின் சேணத்தை எடுத்து வியர்வைத் தடத்தைப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி நனைந்திருந்தால் நல்லது. நனைந்த பரப்பின் நடுவே உள்ளங்கையளவு உலர்ந்த இடம் இருந்தால் அங்கே ஏதோ கோளாறு. அழுத்தம் அதிகமாக இருக்கலாம், தொடாமலேயே இருந்திருக்கலாம். கையை விட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மறுநாள் காலை விரல் நுனிகளால் முதுகுத் தசையை மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். முதுகைத் தாழ்த்துகிறதா, காதைப் பின்னால் மடக்குகிறதா? சேணத்தைக் கண்டதும் பல்லைக் காட்டுகிறதா? அதைக் குறும்பு என்று அடிக்காதீர்கள். சேணம் உட்காரும் இடத்தில் வெள்ளை மயிர் முளைத்திருந்தால், முன்பு எப்போதோ அழுத்தம் வேர்வரை போயிருக்கிறது என்று அர்த்தம். வீக்கமோ புண்ணோ இருந்தால் சேணமே வைக்கக் கூடாது. கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பராமரிப்பு பற்றி. ஒரு குதிரையின் பேட்டை இன்னொன்றுக்கு மாற்றாதீர்கள். படர்தாமரை பரவுவதற்கு அது போதும். ஆட்டுத்தோலைத் தினமும் பிரஷ்ஷால் உதறி, குளிர்ந்த தண்ணீரில் மிதமான சோப்பு போட்டு அலசி, நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் தோல் அப்பளம் போலச் சுருண்டு விறைத்துவிடும் என்று சொன்னாலும் சைஸ்கள் கேட்பதில்லை, மொட்டை மாடியில்தான் போடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயச் சில நாள் ஆகும், பூஞ்சையும் பிடிக்கும். ஆகவே வாங்கும்போதே மயிர்ப்பகுதியைத் தனியாகக் கழற்றக் கூடியதாகப் பார்த்து, மாற்றுக்கு ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள். புதுப் பேட் போட்ட முதல் சில நாட்கள், பத்து நிமிடம் நடத்திய பிறகு இறங்கி வாரை ஒரு துளை ஏற்றிக் கட்டுங்கள். மயிர் அமுங்கி வார் தளர்ந்திருக்கும்.

நன்றி, வணக்கம்.